சிவப்பு நூல் கட்டிய பானை

"எண்ணினது நீதானே அக்கா? அப்புறம் தெரியாதுன்னா என்ன அர்த்தம்—"

"எட்டு வருஷம் முன்னாடி எண்ணின மொச்சையை இப்ப வந்து கேட்டா நான் எங்கே போய்—"

"என் பானையில எத்தனை விழுந்துச்சு? அது ஒண்ணுதான் கேக்கறேன்."

"சத்தம் போடாதே மிக்கா. தெருவே பாக்குது."

"பாக்கட்டுமே! நாளைக்கு என் புள்ள பேரை வாசிக்கறப்ப ஊரே பாக்கத்தானே போகுது!"

அவள் என் வாசற்படியில் நின்றாள். நான் கதவைப் பாதி மூடிக்கொண்டு உள்ளே நின்றேன். இருபது வருஷத்துக்கும் மேலாக அடுத்தடுத்த வீடு. உப்பு வாங்க வந்தால்கூட உள்ளே வந்து உட்கார்ந்துதான் போவாள். அன்றைக்கு நான் உள்ளே கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை.

ஏதென்ஸிலிருந்து அந்த வருஷம் ஒரு உத்தரவு வந்திருந்தது. ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன் ஏட்டில் இருக்கிற ஆண்களின் பெயரை ஒன்றுவிடாமல் வாசிக்க வேண்டும். அப்பன் ஆத்தாள் இருவருமே நம் குடியில் பிறந்தவர்கள்தானா என்று ஒவ்வொரு பெயருக்கும் கல் போட்டு முடிவு செய்ய வேண்டும். இல்லை என்று முடிவானால் அவன் பெயரை அடித்துவிடுவார்கள். நிலம் அவனுக்கில்லை, சபையில் இடமில்லை, செத்தால் அப்பன் பக்கத்தில் புதைக்கவும் முடியாது. பிறந்த ஊரிலேயே வந்தேறியாக இருந்துகொள்ள வேண்டியதுதான்.

மிக்காவின் மகன் டெமியாஸுக்கு இருபத்திரண்டு வயது. அப்பன் அர்கியாஸ் இந்த ஊர்க்காரன், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பேச்சு கிளம்பியது மிக்காவைப் பற்றித்தான். நம் குடியைச் சேர்ந்த கடலோரத்து ஊரிலிருந்து வாழ வந்தவள். பிறந்த வீட்டில் ஒருத்தர் மிச்சமில்லாமல் காய்ச்சலில் போய்விட்டார்கள். புருஷனும் போய்ச் சேர்ந்தான். கோயில் நிலத்தில் யாருடைய ஆடு மேய்கிறது என்று போன வருஷம் டெமியாஸ் சபையில் எழுந்து கேட்டுவிட்டான். ஆடு எங்கள் ஊர்ச் சபையில் இருக்கிற லக்கேஸுடையது. அன்றிலிருந்து லக்கேஸ், "அவன் ஆத்தா மெகாராக்காரி, வேத்து நாட்டவ" என்று கிணற்றடி, சந்தை, களத்துமேடு ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"நான் ஜெயிச்சேன்னு சொல்லச் சொல்லல அக்கா," என்றாள் மிக்கா, குரலை இறக்கி. "ஜெயிச்சது நீ. இருந்துட்டுப் போ. எனக்குப் பத்து மொச்சை விழுந்திருந்தாலும் போதும். விதைப்புத் திருவிழாவுக்குத் தலைவியா இருக்கட்டும்னு பத்து வீட்டுப் பொம்பளைங்க வேத்து நாட்டுக்காரி பானையில மொச்சை போடுவாங்களா? இதை உன் வீட்டுக்காரர் எழுந்து சொன்னா லக்கேஸ் வாயை மூடிடுவான்."

"எனக்கு ஞாபகமில்ல."

"பத்து கூடவா ஞாபகமில்ல?"

"மூணு நாள் அங்கே நடக்கறதை ஆம்பளைங்ககிட்ட சொல்லக்கூடாது. அம்மன் குத்தம்."

"ஆட்டமும் பாட்டும் சொல்லக்கூடாது. தலைவி யாருன்னு சொல்லக்கூடாதா? அப்ப உன் பேரை மட்டும் ஊரெல்லாம் எப்படிச் சொன்னாங்க?"

நான் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

ஞாபகமில்லையாம்! இத்தனை வயதாகி, நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகிற இன்றைக்கும் அந்த எண்கள் எனக்கு மறக்கவில்லை. இருபத்துமூன்று, பதினான்கு.

அதற்கு எட்டு வருஷம் முன்னால் நடந்த விதைப்புத் திருவிழாவில் நாங்கள் முப்பத்தேழு பெண்கள் தெமெத்தர் அம்மன் கோயில் கொல்லையில் இலைப் படுக்கை விரித்து உட்கார்ந்திருந்தோம். அந்த வருஷத் தலைவிக்கு இரண்டு பெயர் சொன்னார்கள். ஒன்று மிக்கா, இன்னொன்று நான். திரைக்குப் பின்னால் இரண்டு பானை. எது யாருடையது என்று தெரிய மிக்காவின் பானைக் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது, என் பானை வெறுமனே இருந்தது. ஒவ்வொருத்தியாகத் திரைக்குப் பின்னால் போய் ஒரு மொச்சை போட்டுவிட்டு வந்தாள். எண்ண வேண்டிய பூசாரியம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது.

"தேயானோ, உன் கண்ணு நல்லா இருக்கே. போய் எண்ணிட்டு வாம்மா," என்றாள்.

"போட்டியில நானே நிக்கறேனே. நான் எண்ணலாமா?"

"உன்னை நம்பாம வேற யாரை நம்புறது?"

உள்ளே போனேன். சிவப்பு நூல் பானையில் இருபத்துமூன்று. என்னுடையதில் பதினான்கு. இரண்டு தடவை எண்ணினேன். வெளியே யாரோ கெட்ட ஜோக் ஒன்று சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நூலை அவிழ்த்து மற்றப் பானையில் கட்டிவிட்டேன். அதற்கு அவ்வளவு நேரம்தான் ஆனது. எண்ணிக்கையை வெளியே சொல்கிற வழக்கமில்லை, பெயரைத்தான் சொல்வார்கள். பெயர் என் பெயரானது.

எதற்காகச் செய்தேன் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. கதிர்மாலை போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் முன்னால் நடக்கலாம். பலிப் பன்றிக்கறியில் முதல் பங்கு கிடைக்கும். கேவலம், அதற்குத்தான்.

இப்போது மிக்கா கேட்டதும் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் பத்து என்றோ பதினான்கு என்றோ சொன்னால் பெண்கள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். நீ யாருக்குப் போட்டாய், நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்டுக்கொள்வார்கள். பதினைந்தாவது விரல் மடங்கினால் என் முகம் எங்கே இருக்கும்?

என் வீட்டுக்காரர் ஹெகியாஸ் மத்தியானம் சாப்பிட வந்தார். வாயில் வெங்காயத்தை வைத்துக்கொண்டே பேசினார்.

"நான் எழுந்து பேசப்போறேன் தேயானோ."

"நீங்களா? சபையில எழுந்து நின்னாலே உங்களுக்கு விக்கல் வருமே."

"வரட்டும். அர்கியாஸ் என் சிநேகிதன். அவன் செத்தப்ப பாடை தூக்கினவன் நான். அவன் புள்ளைக்கு நான் பேசலேன்னா யார் பேசுவா?" வெங்காயத்தை விழுங்கினார். "நீ சொல்லு. உங்க திருவிழால மிக்காவை எப்பவாவது தலைவியா எடுத்தாங்களா?"

ரொட்டியைப் பிய்த்து அவர் தட்டில் வைத்தேன். பார்லி ரொட்டி, காய்ந்துபோயிருந்தது. பிய்க்கவே வரவில்லை.

"எங்களோட உக்காந்திருந்தா. வருஷா வருஷம் உக்காருவா. உபவாசம் இருப்பா," என்றேன்.

"அது போதுமா?"

"வேத்து நாட்டுக்காரியை உள்ளேயே விடமாட்டாங்களே. போதும்."

"தலைவியா எடுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

"தண்ணி வேணுமா?"

"வேணாம்." வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அன்னிக்கு உன்னை எண்ணச் சொன்னாங்களே, அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கப்போறேன். 'என் மனைவி எண்ணினவள்' அப்படின்னு. கேக்க நல்லாயிருக்குல்ல?"

நல்லாயிருக்கு என்றேன்.

ஹெராக்ளீஸ் கோயில் முற்றத்தில் சபை கூடியது. முற்றத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் ஊற்று. சபை நடக்கிற நாளில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் தண்ணீர் தேவைப்படும். அன்றைக்கும் குடங்களோடு பதினைந்து பேர் சுவரோரமாக நின்றோம். மிக்கா வரவில்லை.

உள்ளே சத்தியம் செய்தார்கள். உறவு பாராமல், பகை பாராமல் கல் போடுவோம் என்று அறுபத்து மூன்று தொண்டைகள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெரும்பாலும் பேச்சே இல்லை, வெண்கலப் பானையில் கற்கள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளைக் கல் நம்மவன், கறுப்புக் கல் இல்லை.

"அர்கியாஸ் மகன் டெமியாஸ்!"

லக்கேஸின் குரல் உடனே எழுந்தது. "இவன் அப்பனை நான் குறை சொல்லல. நல்ல மனுஷன். பொண்ணு பாக்கறப்பத்தான் கண்ணு கெட்டுப்போச்சு." சிரிப்பு. "அவ பிறந்த வீட்டுலேர்ந்து ஒரு சாட்சி வரச்சொல்லுங்க."

"செத்துட்டாங்க," என்றான் டெமியாஸ். "எல்லாரும் செத்துட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"வசதியாச் செத்திருக்காங்க."

"வாயை அடக்குய்யா," என்று கத்தியது என் வீட்டுக்காரர். விக்கல் வரவில்லை. "மிக்கா நம்ம பொம்பளைங்களோட அம்மன் கோயில்ல உக்காந்தவ. என் மனைவி தேயானோ சொன்னா. என் மனைவி யாரு? அந்தக் கூட்டத்துல எண்ணறதுக்குன்னு நம்பி அனுப்பினாங்களே, அவ."

என் பக்கத்தில் நின்ற லிசில்லா முழங்கையால் என் விலாவில் இடித்தாள். "கேட்டியா? உன்னைத் தூக்கி வெச்சுப் பேசறாரு."

"உக்காந்தா, சரி," என்றான் லக்கேஸ். "என் வீட்டு அடிமைப் பொண்ணுகூடத்தான் என் பொண்டாட்டிக்குத் துணையா உள்ளே போய் உக்காந்தா. ஹெகியாஸ், நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. இருபது வருஷத்துல நம்ம வீட்டுப் பொம்பளைங்க அவளை ஒரு தடவையாவது தலைவியா எடுத்தாங்களா? உன் வீடு, என் வீடு, எல்லா வீட்டுக்கும் முறை வந்துச்சு. அவளுக்கு வந்துச்சா?"

"பேரு சொன்னாங்க. எட்டு வருஷம் முன்னாடி."

"சொன்னாங்க. அப்புறம்? யாரை எடுத்தாங்க?"

இப்போது விக்கல் வந்தது.

"யாரை எடுத்தாங்க ஹெகியாஸ்? சத்தியம் பண்ணியிருக்கே."

"என் மனைவியை."

முற்றம் முழுக்கச் சிரித்தது. "ஆக, அவ யாருன்னு நமக்கு முன்னாடியே நம்ம பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சிருக்கு!" என்றான் லக்கேஸ். "எண்ணினது யாரு? இவர் மனைவி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

லிசில்லா முகத்தைச் சுளித்தாள். "என்னடி இது. நான் மிக்காவுக்குத்தானே போட்டேன்."

"நானும்," என்றாள் அவளுக்குப் பின்னால் நின்றவள்.

"நீயுமா? என் நாத்தனாரும் அவளுக்குத்தான் போட்டா. நீ, நான், அவ, மூணு. ஏய் மெலித்தா, நீ?"

"நானும்தான். உனக்கென்ன இப்ப?"

"நாலு..."

சுவர் என் தோள் உயரம்தான். எட்டி ஒரு வார்த்தை கத்தியிருந்தால் முற்றத்தில் விழுந்திருக்கும். பெண் குரல் அந்த முற்றத்தில் அதுவரை விழுந்ததில்லை. விழுந்தால் என்ன ஆகியிருக்கும்? வெளியே போ என்று கத்தியிருப்பார்கள். ஆனால் காதில் போட்டுக்கொண்டிருப்பார்கள். லக்கேஸுக்கும் காது உண்டு.

எனக்கும் வாய் உண்டுதான். குனிந்து குடத்தை எடுத்தேன். பாதிதான் நிரம்பியிருந்தது.

"எங்கே போறே? இன்னும் கல்லு போடல," என்றாள் லிசில்லா.

"அடுப்புல பருப்பு இருக்கு."

"உனக்கு ஞாபகமிருக்குமே, நீதானே எண்ணினே..."

பாதித் தெரு வருவதற்குள் கற்கள் விழ ஆரம்பித்தன. அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் கேட்காது. எனக்குக் கேட்டது.

கறுப்பு முப்பத்து மூன்று, வெள்ளை முப்பது. ஹெகியாஸ் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"நான் பேசாமலே இருந்திருக்கலாம். நான் எழுந்ததுதான் கெடுத்துடுச்சு."

"உங்க தப்பு இல்ல."

"அவன் கேட்டான், நான் உண்மையைச் சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்? சத்தியம் பண்ணியிருக்கேனே." தலையைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கு அன்னிக்கு உன்னை எடுத்தாங்களோ! அவளை எடுத்திருக்கக்கூடாதா?"

அவருக்குப் பருப்பு ஊற்றினேன். அடுப்பில் பருப்பு நிஜமாகவே இருந்தது. என் வாயிலிருந்து அன்று வந்த ஒரே உண்மை அதுதான்.

மறுநாள் காலையில் டெமியாஸ் வந்தான். வாசலில் நின்றே பேசினான். இனி அவன் உள்ளே வரலாமா கூடாதா என்று அவனுக்கே தெரியவில்லை போலிருந்தது.

"அத்தை, மாமாகிட்ட சொல்லிடுங்க. அவர் ஒருத்தராவது எழுந்து பேசினாரே. அம்மாவும் சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"மாமா மேல கோபமில்லன்னு சொன்னாங்க." காலால் மண்ணைக் கிளறினான். "நகரத்து நீதிமன்றத்துக்குப் போகப்போறேன் அத்தை. ஊரு முடிவு தப்புன்னு."

"வேணாம்டா. அங்கேயும் தோத்தா..."

"தெரியும். அடிமையா ஏலத்துல நிறுத்துவாங்க." சிரிக்கப் பார்த்தான். "லக்கேஸே வாங்கி ஆடு மேய்க்க விடுவான். கோயில் நிலத்துல."

"பேசாம இருந்துடேன். வந்தேறியா இருந்தாலும் உயிரோட, சுதந்திரமா..."

"எங்க அம்மாவைப் பொய்யின்னு எழுதி வெச்சிருக்காங்க அத்தை. எப்படிப் பேசாம இருக்கிறது?"

போய்விட்டான். அவன் முதுகை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையில் இந்த வாசலில்தான் அத்திப்பழம் கேட்டு நிற்பான்.

அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. நூற்க உட்கார்ந்தால் நூல் அறுந்தது. ஹெகியாஸ் தோப்புக்குப் போன பிறகு எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனேன். பதினைந்து அடி தூரம். இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டுத்தான் போனேன்.

மிக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"உக்காரு அக்கா."

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். பேச்சைச் சுற்றி வளைத்தால் சொல்லாமலே போய்விடுவேன் என்று பயமாக இருந்தது. "அன்னிக்கு எடுத்தது உன்னைத்தான் மிக்கா. நிறைய மொச்சை விழுந்த பானையிலதான் உன் சிவப்பு நூல் இருந்துச்சு. நான் அவுத்து மாத்திக் கட்டிட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. மாவைத் திருப்பிப் போட்டு அமுக்கினாள்.

"இருபத்துமூணு," என்றாள்.

"உனக்கு..."

"திருவிழா முடிஞ்ச வாரமே தெரியும். ஒவ்வொருத்தியா தனித்தனியா வந்து, 'உனக்குத்தான் போட்டேன், என்ன ஆச்சுன்னு தெரியல' அப்படின்னு துக்கம் விசாரிச்சுட்டுப் போனாங்க. இருபத்திரண்டு பேரு. என்னோடது ஒண்ணு. எனக்கும் எண்ணத் தெரியும் அக்கா."

"அப்பவே ஏன் கேக்கல?"

"மாலை போட்டுக்கிட்டு முன்னாடி நடந்தியே, உன் மூஞ்சியைப் பாத்தேன். கல்யாணத்தன்னிக்குக்கூட நீ அப்படி இருந்திருக்கமாட்டே. இவளுக்கு இது இவ்வளவு வேணும் போலன்னு விட்டுட்டேன். எனக்கு அது வெறும் மாலை." கொஞ்சம் மாவை விரலில் தேய்த்து உதிர்த்தாள். "அப்ப தெரியாதே, அதுதான் என் புள்ளைன்னு."

"முந்தாநாள் வந்து கேட்டப்பவே நீ சொல்லியிருந்தா, நீ மாத்தினேன்னு மூஞ்சிக்கு நேரா..."

"சொன்னா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"அதான் பத்துன்னு சொன்னாப் போதும்னேன். உனக்கு ஒரு வழி வெச்சுக் கேட்டேன். அதையும் நீ எடுத்துக்கல."

"நீதிமன்றத்துல லிசில்லா, மெலித்தா எல்லாரும்..."

"பொம்பளை பேச்சை அங்கே யார் கேப்பாங்க? அவங்கவங்க புருஷன்தான் வந்து சத்தியம் பண்ணணும். நேத்து கறுப்புக் கல்லைப் போட்டவன் இன்னிக்குப் பொண்டாட்டி சொன்னான்னு நகரத்துக்கு நடந்து வருவானா? அவனே வந்தாலும், எண்ணினவ என்ன சொல்றான்னுதான் கேப்பாங்க." அவள் மாவைத் துணியால் மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எண்ணினவ வார்த்தையை எடுத்துக்கிட்டு வர ஒரே ஒரு ஆம்பளைதான் இருக்காரு. நேத்து எனக்காக எழுந்து நின்னு, ஊரு சிரிக்க உக்காந்தாரே, அவரு."

வெளியே தெருவில் ஹெகியாஸின் குரல் கேட்டது. தோப்பிலிருந்து அதற்குள் திரும்பிவிட்டார். வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மிக்கா அசையாமல் கேட்டாள்:

"எனக்குத் தெரிஞ்சதை எங்கிட்டயே வந்து எதுக்குச் சொல்றே அக்கா? ஹெகியாஸ் அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"